கடிக்க மட்டும் படிச்ச நாய்

நாய் கடிச்ச கதைய யாருகிட்ட சொன்னாலும் மொதல்ல கேக்குற கேள்வி, "ஊசி போட்டீகளா?" போட்டோம். நானே நர்ஸுதான், என் கையாலயே போட்டேன், ஒண்ணு விடாம போட்டேன். ஊசியோட தீர்ற விசயமா இருந்தா இம்புட்டு வருசம் கழிச்சு இத எழுத உக்காந்திருக்க மாட்டேன். எனக்கு இன்னும் ஆறல. ஆறணும்னு ஆசையும் இல்ல.

சிவகாசியில இருந்து விருதுநகர் போற ரோட்டுல, ஊரு முடிஞ்சு வேலிக்கருவ ஆரம்பிக்கிற எடத்துல நாங்க வீடு கட்டிக் குடி போயிருந்தோம். செல்போன் அப்பத்தான் ஆளாளுக்குக் கையில வந்துக்கிட்டிருந்த சமயம். எங்க வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேன். எனக்கு டவுனுக்குள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை. மக ஆறாப்பு படிச்சா. பள்ளிக்கூடம் விட்டு சாயந்தரம் அவ வந்துருவா. நான் டூட்டி முடிஞ்சு பஸ்ஸப் பிடிச்சு வந்து சேர இருட்டிரும். வீட்டுக்காரர் அதுக்கும் பெறகு.

நடுவுல இருக்குற அந்த நேரத்துக்கு எங்க அக்கா இருந்தா. கூடப்பிறந்த அக்கா. எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளி அவ வீடு. சின்னப் பிள்ளையில இருந்து பட்டாசு வேலைக்குப் போறவ. அவ போனதாலதான் நான் பள்ளிக்கூடம் போனேன், அவ வெடிமருந்து அடைச்ச காசுலதான் நான் நர்ஸுக்குப் படிச்சேன். இத நான் யாருகிட்டயும் மறைச்சதில்ல. கம்பெனி வேன் அவ தெரு முக்குல இறக்கிவிட்டதும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவா. சேலைக்கு மேல அத்தானோட பழைய முழுக்கைச் சட்டை. எங்க பக்கம் வேலைக்குப் போற பொம்பளைக எல்லாரும் அப்படித்தான், சேலைய மருந்து தின்னுரும்னு மேல ஒரு ஆம்பளச் சட்டையப் போட்டுக்குவாக. அலுமினியப் பவுடர் கையில, கழுத்துல, புருவத்துல எல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும். அப்படியே வந்து அடுப்படி வாசப்படியில உக்காருவா. எம்மக டீ போட்டுக் குடுப்பா. அந்தப் பிள்ளை அடுப்புப் பத்த வைக்கக் கத்துக்கிட்டதே அவுக பெரியம்மாவுக்கு டீ போடத்தான். நான் வந்து செருப்பக் கழட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்பாக. பெறகுதான் அக்கா தன் வீட்டுக்குப் போய் தலைக்கு ஊத்துவா.

இதுக்குப் பேரு காவல் இல்லையா? ஆனா எங்க வீட்டுக்காரருக்கு அது கண்ணுக்குத் தெரியல.

பக்கத்துல புதுசாக் கட்டின ஒரு வீட்டுல பூட்ட உடைச்சு கேஸ் சிலிண்டரையும் ஒரு குத்துவிளக்கையும் தூக்கிட்டுப் போயிட்டான் எவனோ. அன்னைக்கே இவருக்குப் பயம் பிடிச்சிருச்சு. மொதலாளி வீட்டுல அல்சேஷன் குட்டி போட்டிருந்துச்சு. அதுல ஒண்ண வாங்கிட்டு வந்து, ஏதோ பெரிய பதவி குடுத்த மாதிரி நடுவீட்டுல நிறுத்தினார். குட்டி நல்ல குட்டி. காதும் காலும் பெருசு பெருசா, தடுக்கித் தடுக்கி விழும். அக்கா வேன்ல இருந்து இறங்கினதும் டீக்கடையில பொறை வாங்கிட்டு வருவா. ஒடிச்சு ஒடிச்சுப் போடுவா. அவ கேட்டத் திறக்குற சத்தம் கேட்டாலே குட்டி வாலோட சேர்ந்து இடுப்பும் ஆட ஓடும். இத ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த நாய்க்கு அக்காவப் பிடிக்கும். பொறக்கும்போதே யாரையும் பகைச்சுக்கிட்டு வந்த நாய் இல்ல அது.

குட்டி இடுப்பு உசரம் வளந்ததும், அதுக்கு என்ன சொல்லிக் குடுக்குறதுங்கிறதுல எங்களுக்குள்ள சண்டை ஆரம்பிச்சுச்சு.

விருதுநகர்ல ரயில்வே ஸ்டேசனுக்குப் பின்னாடி ஒருத்தர் நாய் பழக்குறாருன்னு எங்க டாக்டர் சொல்லி, மூணு பேரும் நாயோட போனோம். ஆளு முசுடு. வெத்தலையக் குதப்பிக்கிட்டே நாயச் சுத்திச் சுத்தி வந்தார். பேரு என்ன, என்ன சாப்பிடுதுன்னு ஒண்ணும் கேக்கல. "வீட்டுக்கு யாரு யாரு வந்து போவாக?" ன்னுதான் மொதல்ல கேட்டார்.

"நாங்க மூணு பேருதான்" னார் இவர்.

"எங்க அக்கா தெனமும் வருவா" ன்னேன் நான்.

"அப்ப இதுக்குக் கடிக்கப் பழக்க வேண்டாம்" னுட்டார் அவர். "உக்காரு, இரு, வா, விடு. இந்த நாலையும் எவன் சொன்னாலும் இல்ல, வீட்டாளு சொன்னாக் கேக்கணும். அது போதும் உங்க வீட்டுக்கு. இம்புட்டுப் பெரிய உருவம் குரைச்சாலே எவனும் கேட்டத் தாண்ட மாட்டான். கடி வேணும்னா அது அப்புறம். இந்த நாலும் ஊறின பெறகு, அதுவும் வீட்டுல எந்நேரமும் நாயப் புடிச்சு நிறுத்த ஒரு ஆளு இருந்தா. உங்க வீட்டுல பகல்ல இருக்குறது யாரு? இந்தப் பிள்ளை. இதால புடிக்க முடியுமா?"

எனக்கு அந்த மனுசன் பேசினது அம்புட்டும் சரின்னு பட்டுச்சு. இவருக்கு மொகம் செத்துப்போச்சு. பஸ்ஸுல வரும்போதே ஆரம்பிச்சுட்டார்.

"உக்காரு எந்திரின்னு பழக்க நான் என்ன சர்க்கஸா நடத்தப்போறேன்? மொதலாளி வீட்டு நாய் கேட்டுகிட்ட ஒருத்தன் நிக்க முடியாது தெரியுமா?"

"மொதலாளி வீட்டுல நாயப் பாக்க மட்டும் ஒரு ஆள் இருக்கான். நம்ம வீட்டுல யாரு இருக்கா?"

"நாய் இருந்தாப் போதும், ஆளெதுக்கு?"

"சொல்றதக் கேக்காத நாய வச்சு என்ன செய்யப்போறீக?"

"ஏ, நீ நர்ஸு வேலையப் பாரு. திருடன் வந்தா உன் நாய் உக்காந்துக்கிட்டு வால ஆட்டும். அப்பத் தெரியும்."

பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாத்தாக. நான் வாய மூடிக்கிட்டேன். ஆனா அவரு மூடல. காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துல சீக்கிரமே கடி பழக்கித் தாற ஆளு ஒருத்தன் இருக்கான்னு கம்பெனியில யாரோ சொல்ல, ஒருநாள் நான் டூட்டியில இருக்கும்போது நாயக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டார். கேட்டா, "ஒனக்கு நைட் டூட்டி, எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டேன்" னார். என்ன பொய்! அந்த வாரம் பூரா எனக்குப் பகல் டூட்டி.

ஒரு ஞாயித்துக்கிழமை நாயத் திரும்பக் கூட்டிட்டு வந்தார். மெலிஞ்சிருந்துச்சு, ஆனா நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னுச்சு. என்னப் பாத்ததும் பழையபடி தலைய முட்டுச்சு. மகளப் போட்டு நக்குச்சு. அக்கா வேதக்கோயில்ல ஆராதனை முடிஞ்சு, வெள்ளச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வச்சு வந்தா. அவ காலச் சுத்திச் சுத்தி வந்துச்சு. பொறையக் கையில இருந்தே வாங்கித் தின்னுச்சு. "பாத்தியா, வீட்டாளு யாரு வெளியாளு யாருன்னு அதுக்குத் தெரியும்" னு இவரு சொன்னார். நானும் அப்பாடான்னு இருந்தேன்.

மறுநாள் எனக்குக் காலை டூட்டி, மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். நாய வீட்டுக்குப் பழக்கணும்னு இவரும் லீவு போட்டிருந்தார். சாயந்தரம் அடுப்படியில பால் காய வச்சுக்கிட்டிருந்தேன். கேட்டு திறக்குற சத்தம். அக்கா குரல், "ஏ, வாடா கண்ணு" ன்னு. அதுக்குப் பெறகு வந்த சத்தத்த நான் எழுத மாட்டேன்.

ஓடினா, நாய் அக்காவோட வலது கையக் கவ்விக்கிட்டு நிக்குது. மணிக்கட்டுக்குக் கீழ. அவ இழுக்க இழுக்க அது இறுக்குது. இவரு பக்கத்துல நின்னுக்கிட்டுக் கத்துறார். "விடு! விடு! ஏலே, விடுலே!" பெறகு இங்கிலீஷு, "லீவ்! லீவ்!" நாய் காதுல எதுவும் ஏறல. ஏன்னா அந்த வார்த்தைய அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. பிடின்னு பழக்கினவன் விடுன்னு பழக்கல. இவரு கத்தக் கத்த, ஏதோ ஏவி விடுறாருன்னு நினைச்சு இன்னும் வெறி ஏறுச்சு அதுக்கு.

மாத்திப் பிடிக்க ஒரு நொடி வாயத் திறந்துச்சு. கை நழுவுச்சு, சட்டைக் கையப் பிடிச்சுக்கிருச்சு. நான் அக்காவோட சட்டைப் பொத்தானெல்லாம் தெறிக்கப் பிய்ச்சு, அவளச் சட்டைக்குள்ள இருந்து உருவி எடுத்தேன். நாய் சட்டையோட போயிருச்சு. முருங்கைமரத்துக்கு அடியில போட்டு அந்தச் சட்டைய உதறுது, கிழிக்குது, மேல கால வச்சு உறுமுது. அக்கா சேலையோட ரத்தம் சொட்ட நிக்கிறா. அவளத் திரும்பிக்கூடப் பாக்கல.

"நாய் என்னையக் கடிக்கலடி" ன்னா அக்கா. அந்த நெலமையிலயும் அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு. "சட்டையத்தான் கடிக்குது."

எங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனோம். காயம் ஆழம். ஆள்காட்டி விரல மடக்குற நரம்பு அறுந்திருந்துச்சு. டாக்டர் தச்சார். ஆனா அந்த விரல் பழையபடி மடங்காதுன்னு தைக்கும்போதே எனக்குத் தெரியும். அக்கா செஞ்சது மருந்து அடைக்கிற வேலை, திரி சொருகுற வேலை. எல்லாம் அந்த விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவுல நடக்குறது. தீவாளி சீசன் வேற உச்சத்துல இருந்துச்சு. வருசம் பூரா காத்திருந்த சீசன். கைக்கட்டோட அவ வீட்டுல உக்காந்தா.

எனக்குத் தூக்கம் வரல. ஞாயித்துக்கிழமை கையில தின்ன நாய் திங்கக்கிழமை எப்படிக் கடிச்சுச்சு? லீவு கெடச்ச அன்னைக்கு யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறிக் காரியாபட்டி போனேன். தோட்டத்துல கம்பி வேலி, உள்ள கட்டிப்போட்ட நாலஞ்சு நாய்க. பழக்குறவன் சின்ன வயசுதான், கழுத்துல சங்கிலி, கையில பிரம்பு. நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே வேலியில தொங்கினதப் பாத்துட்டேன். கையில மாட்டிக்கிட்டு நாயக் கடிக்க விடுற சாக்குச் சுருணை. சாக்குக்கு மேல பழைய சட்டைகள வரிஞ்சு வரிஞ்சு சுத்தியிருந்தான். முழுக்கைச் சட்டைக. எடுத்து மூக்குகிட்ட வச்சேன், ஒரு வாசமும் தெரியல. எனக்கு எப்படித் தெரியும்? பொறந்ததுல இருந்து அந்த வாசத்துலதான இருக்கேன். எங்க ஊருல மருந்து வாசம் எவன் மூக்குலயும் ஏறாது. கையப் பாத்தேன். விரலெல்லாம் வெள்ளி.

போர்மேன் பொண்டாட்டின்னு சொல்லிட்டு, "இது எங்கன கிடைச்சது?" ன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் கொண்டாந்ததுதாம்மா. நாய் கடிக்கப் பழைய துணி கொண்டாங்கன்னு எல்லாருகிட்டயும் சொல்லுவேன். கம்பெனியில ஆளுக கழட்டிப் போட்ட சட்டைன்னு ஒரு மூட்டை கொண்டாந்தார்."

"அதப் போட்டுத்தான் பழக்கினியா?"

"திருடன் மாதிரி நடிக்கிற பையன் அதத்தான் மாட்டிக்கிட்டு வருவான். நான் கேட்டேம்மா, உங்களுக்கு யாரு மேல பயம், எப்படிப்பட்ட ஆளுக வருவாகன்னு. வேலைக்குப் போற ஆளுகதான் எங்க பக்கம் சாயந்தரமானா நடமாடுதுன்னு சொன்னார். அப்பச் சரியாப்போச்சு, சட்டையும் அதுக்குத் தோதா இருக்குன்னுதான்..."

"விடுன்னு ஏன் சொல்லிக் குடுக்கல?"

"அவசரம்னு சொன்னாரும்மா. கடி மட்டும் போதும்னார்."

அந்தப் பையன அடிக்கணும் போல இருந்துச்சு. ஆனா அவன அடிச்சு என்ன ஆகப்போகுது? கேட்டத அவன் செஞ்சு குடுத்திருக்கான். பஸ்ஸுல இதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரர் யாரு? பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுத்துற வேலையில ஆரம்பிச்சவர். அவுக அம்மா தீப்பெட்டி ஒட்டினவுக. கல்யாணத்தன்னைக்குக்கூட அவரு நகக்கண்ணுல கருமருந்து இருந்துச்சு. அந்த ஆளுக்கு இப்பத் திருடன்னா யாரு? வேன்ல இருந்து இறங்கி நடந்து போறவுக.

நான் வீட்டுக்கு வரும்போது அக்கா கட்டு மாத்த வந்து உள்ரூம்ல உக்காந்திருந்தா. மக கேட்டுல நாயச் சங்கிலி போட்டுக் கட்டிட்டு, பின்வாசல் வழியாத்தான் அவளக் கூட்டிட்டு வந்திருக்கா. அக்கா உள்ள இருக்குறது இவருக்குத் தெரியாது. இவரு ஹால்ல டிவி பாத்துக்கிட்டிருந்தார். நான் செருப்பக்கூடக் கழட்டல. சட்டை மூட்டைக் கதைய முழுசும் மொகத்துக்கு நேரா சொன்னேன்.

அவரு தலைய ஆட்டிக் கேட்டார். நான்கூட மன்னிப்புக் கேப்பாருன்னு ஒரு நிமிசம் நினைச்சேன். கடைசியில அவரு சொன்னது இதுதான்.

"அட, இவ்வளவுதானா! நான் என்னமோ நாய்க்கு வெறி பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். அப்ப நாய் மேல ஒண்ணும் கொறை இல்ல. மதினிய இனிமே வீட்டுக்குப் போய்க் குளிச்சு, சட்டைய மாத்திட்டு வரச் சொல்லு. சுத்தமா வந்தா அது ஒண்ணும் செய்யாது."

உள்ரூம்ல நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. அக்கா வெளிய வந்தா. பாதி அவுத்த கட்டு கையில தொங்குது. இவரு எந்திரிச்சு நின்னுட்டார். அக்கா எம்மக தலையத் தடவிவிட்டா, தூக்குவாளிய இடது கையில எடுத்தா, போயிட்டா. கட்ட நான் தெருவுல ஓடிப்போய் வேப்பமரத்தடியில நிக்க வச்சுத்தான் சுத்திவிட்டேன்.

"அக்கா, அவரு ஏதோ புத்தி கெட்டு..."

"நீ கட்டு" ன்னா.

வந்து நான் போட்ட சண்டை அந்த ரோட்டுக்கே கேட்டிருக்கும். "சுத்தமா வரணுமா? எங்க அக்கா சுத்தமா வரணுமா? அவ ஒடம்புல ஒட்டுன மருந்துலதான்யா நான் படிச்சேன், நீங்க கட்டின வீட்டுல இருக்குற ஒவ்வொரு கல்லுக்கும் அந்த வாசந்தான்! உங்க நாய்க்கு மூக்கு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?" அவரு, "நான் தப்பா என்ன சொல்லிட்டேன், குளின்னு சொல்றது ஒரு குத்தமா?" ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேணும்னே சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்த மனுசனுக்குப் புரியவே இல்ல.

அக்கா வாறத நிறுத்திட்டா. மக பள்ளிக்கூடம் விட்டு நேரா அவ வீட்டுக்குப் போக ஆரம்பிச்சா. மகளக் காக்கணும்னு நாய வாங்கி, நாயால மக வீட்டுல இருக்க முடியாமப் போச்சு. பூட்டின வீட்டுக்கு நாய் காவல் இருந்துச்சு.

நாயக் கொன்னுரலாம்னு ஒருத்தர், காட்டுல கொண்டுபோய் விட்டுரலாம்னு ஒருத்தர். நான் விடல. நாயக் கொன்னுட்டா எல்லாத் தப்பையும் அதுகூடயே புதைச்சுட்டு இவரு கையக் கழுவிருவார்னு எனக்குத் தெரியும். சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு நானே விருதுநகருக்குப் போனேன், அந்த முசுட்டு மனுசன்கிட்ட. அவரு கேட்டுட்டு வெத்தலையத் துப்பினார்.

"பிரேக் இல்லாத வண்டிய ஓட்டிட்டு வந்து என்ன செய்யன்னு கேக்குறீக" ன்னு ஏசினார். பெறகு சொன்னார். "மொதல்ல அந்த நாலு வார்த்தை. அத நான் பாத்துக்கிடுறேன். அப்புறம் வீட்டுல, அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு தெனமும் சோறு வைக்கணும். வாய்க்கூடு மாட்டி, கட்டிப் போட்டு, தூரத்துல இருந்து. கொஞ்சங் கொஞ்சமாக் கிட்ட வரணும். அந்த வாசம் வந்தாச் சோறு வரும்னு அதுக்கு மாறணும். யாரு செய்வா?"

"நான்" னேன்.

அக்காகிட்டப் போய்ச் சட்டை கேட்டேன்.

"எதுக்குடி?"

சொன்னேன். அவ கொடியில இருந்து துவைக்காத ஒண்ண எடுத்து மடியில போட்டா.

மொத நாள் அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டுச் சோத்துத் தட்டோட வெளிய வந்தேன். என் கால்மாட்டுல படுக்குற நாய் அது. நான் ஊட்டி வளத்த நாய். என்னப் பாத்ததும் சங்கிலி அந்து போற மாதிரி பாஞ்சுச்சு. வாய்க்கூட்டுக்குள்ள இருந்து எச்சில் தெறிக்குது. என் குரல் தெரியல, என் மொகம் தெரியல. சட்டை மட்டும் தெரியுது. தட்டக் கையில வச்சுக்கிட்டே அழுதேன். நாயால இல்ல. இப்படித்தான எங்க அக்காவ ஒருத்தர் பாத்திருக்கார், வாரா வாரம் ஞாயித்துக்கிழமை அவ கையால டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டே.

மழை வந்து, சீசன் முடிஞ்சு, கிறிஸ்மஸும் போச்சு. விருதுநகருக்கும் வீட்டுக்கும் அலைஞ்சேன். உக்காருன்னா உக்காந்துச்சு. இருன்னா இருந்துச்சு. வாயில இருக்குற எலும்ப, விடுன்னு சொன்னாக் கீழ போட்டுச்சு. சட்டையோட நான் கிட்டப் போகப் போக, மொதல்ல உறுமல் நின்னுச்சு, பெறகு வால் லேசா அசைஞ்சுச்சு. ஒருநாள் வாய்க்கூட்டக் கழட்டிட்டுச் சட்டைக் கைய அது மூக்குகிட்ட நீட்டினேன். மோந்து பாத்துட்டு, சோத்துத் தட்டத் தேடுச்சு.

இவருக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், நாய் மேல கொறை இல்லன்னு" ன்னார். அக்காவ அவரே போய்க் கூப்பிடுறேன்னார். சரி, இப்பவாவது புத்தி வந்துச்சேன்னு கூடப் போனேன். கம்பெனியில இருந்து சீக்கிரமே வந்து, சோப்புப் போட்டுக் குளிச்சு, மொகத்துக்குப் பவுடர் பூசி, வெள்ளச் சட்டை போட்டு, ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்தார். நாங்க அக்கா தெருவுக்குள்ள நுழையும்போது வேன் வந்து ஆளுகள இறக்கிவிட்டுச்சு. பொம்பளைக எல்லாம் மினுமினுன்னு நடந்து வாறாக. இவரு வெள்ளச் சட்டை படாம ஓரமா ஒதுங்கி நின்னு வழி விட்டார்.

அக்கா விரல் மடங்காததால அவளப் பெட்டி ஒட்டுற வேலைக்கு மாத்தியிருந்தாக. அப்பத்தான் வந்து சட்டையக்கூடக் கழட்டாம நின்னா. இடது கையால டீ ஊத்தினா.

"மதினி, நாய் சுத்தமா மாறிருச்சு" ன்னார் இவர். "இனிமே நீக சட்டைய மாத்தாம அப்படியே வரலாம். ஒண்ணும் செய்யாது."

அக்கா அவர ஏற இறங்கப் பாத்தா.

"நாய்க்குச் சம்மதமாயிருச்சு, சரி. உங்களுக்குச் சம்மதமா கொழுந்தனாரே?"

"எனக்கென்ன மதினி? நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. டீயக் குடிங்க, ஆறுது."

திரும்பி வரும்போது ரோட்டுல கேக்குறார், "நாய்தான் சரியாயிருச்சே, உங்க அக்காவுக்கு இன்னும் என்ன கோவம்?" ன்னு. நான் முன்னாடி நடந்தேன். அம்புட்டு மாசம் சொல்லியாச்சு.

மறுநாள் சாயந்தரம் நாயக் கூட்டிக்கிட்டு அக்கா தெருவுக்குப் போனேன். வேன் வந்து நின்னுச்சு. உக்காருன்னேன், உக்காந்துச்சு. முழுக்கைச் சட்டை போட்ட அம்புட்டுப் பேரும் பக்கத்துல உரசிக்கிட்டு நடந்து போனாக. அது காத மட்டும் ஆட்டுச்சு. அக்கா கடைசியா இறங்கினா. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, கிட்ட வந்து குனிஞ்சு, மடங்காத விரலோட அந்தக் கையவே அது தலையில வச்சா. நாய் கண்ண மூடிக்கிருச்சு.

"இங்கனயே விட்டுட்டுப் போ" ன்னா அக்கா. "இங்க எல்லாருக்கும் ஒரே வாசந்தான். கடிக்கணும்னா ஊரையேதான் கடிக்கணும்."

சங்கிலிய அவ கையில குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்குப் போனதும் இவரு பதறிப்போய், "நாய் எங்க? வீட்டுக் காவலுக்கு இனிமே என்ன செய்ய?" ன்னார். நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்கன்னு சொன்னேன். அக்கா அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டு வாசல மிதிக்கல.